லாயாரானைத் தண்ணீரில் வைத்தே படம் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில், நம் இளைஞர்கள் சிலர் பகாங் கடலோரத்துக் கோல ரொம்பினில் லாயாரான் மீன் பிடித்த செய்தியைப் படத்தோடு போட்டிருந்தீர்கள். படகின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுயர மீன் எல்லார் மடியிலும் நீட்டிக் கிடக்கிறது. ஒருவர் அதன் முதுகுத் துடுப்பைக் கையால் விசிறி மாதிரி விரித்துப் பிடித்திருக்கிறார். படத்துக்குக் கீழே, மீன் பிறகு பத்திரமாகக் கடலில் விடப்பட்டது என்று ஒரு வரி. நான் எழுத வந்தது அந்த வரியைப் பற்றித்தான்.

கடலில் விட்டிருப்பார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அப்படி மடியில் கிடந்து, துடுப்பை இழுத்து விரித்து, ஆளுக்கொரு படம் எடுத்து முடித்த பிறகு விடப்படும் லாயாரான் எத்தனை பிழைக்கிறது என்பது வேறு விஷயம். அந்தத் தம்பிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விடுமுறையில் பேரங்காடியைச் சுற்றிவராமல் கடலுக்குப் போயிருக்கிறார்களே, அதுவே பெரிய சங்கதி. அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். படகுக்காரர் சொல்லமாட்டார், ஏன் என்று பிறகு வருகிறேன். பத்திரிகையும் சொல்லாவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு கூட்டம் போய் அதே படத்தை எடுக்கும்.

நான் பகாவில் கனரக வாகனப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லோரி, புல்டோசர், செம்பனைத் தோட்டத்து டிராக்டர், எல்லாவற்றின் வயிற்றுக்குள்ளும் கை விட்டிருக்கிறேன். மீன்பிடி என்பது தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எல்லாருக்கும் வருவதுபோலத்தான் வந்தது: கால்வாயில் கெளுத்தி, குட்டையில் விரால், கொஞ்சம் பெரியவனானதும் ஆற்றில் தோமான். பிறகு ரொம்பின் ஆற்றில் ஊடாங் காலாவுக்காகப் போக ஆரம்பித்தோம். அந்தப் பெரிய ஆற்று இறாலுக்கு ரொம்பின் பேர்போன இடம். ஆற்றில் இறாலுக்குக் காத்துக்கொண்டிருக்கும்போது, கடலிலிருந்து திரும்பும் படகுகளைப் பார்த்துப் பார்த்து, “மாமா, ஒருதடவை அதுக்கும் போய்ப் பார்ப்போமே” என்று கிளப்பிவிட்டவன் என் மனைவியின் அண்ணன் மகன். அன்றிலிருந்து லாயாரான் சீசன் வந்தால் அவனும் நானும் வீட்டில் தங்குவதில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மயில் மீன் என்று சொல்வார்களே, அதுதான் லாயாரான். ஈட்டி போல நீண்ட மூக்கு, முதுகில் பாய்மரம் மாதிரி துடுப்பு. உலகச் சாதனையாகப் பதிவான மீன் ஏறக்குறைய 100 கிலோ, 1947-இல் காலாபகஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் பிடித்தது. நம் பக்கம் கிடைப்பவை அவ்வளவு பெரிதல்ல. இருபது, முப்பது கிலோ, நாற்பது வந்தால் அன்றைக்கு ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், நாம்தான் ராஜா. வேறு நாடுகளில் இந்த வகை மீன்களுக்காகப் பல நூறு மீட்டர் ஆழமுள்ள கடலைத் தேடிப் போகிறார்கள். ஹவாயிலும் மொரீஷியஸிலும் கரையை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தாலே அப்படிப்பட்ட ஆழம் வந்துவிடும். ரொம்பினில் அதெல்லாம் கிடையாது. தென்சீனக் கடலின் இந்தப் பகுதி நூறு மீட்டரைக்கூடத் தொடாத மேட்டுக் கடல். நெத்திலியும் தம்பானும் கூட்டம் கூட்டமாக வருவதால் அவற்றைத் தின்ன லாயாரான் இங்கே வருகிறது. அதனால்தான் பெரிய கப்பல் மாதிரிப் படகு இல்லாமல், திறந்த ஃபைபர் படகில், நாலு பேர் ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும் வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டு, நம்மைப் போன்ற பட்டறைக்காரர்களும் போய்வர முடிகிறது. வெளிநாட்டுக்காரன் விமானம் ஏறி வந்து பிடிக்கும் மீன் நமக்கு ஒரு இரவுப் பயண தூரத்தில் இருக்கிறது. இது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது.

பகாவிலிருந்து கெராத்தோங், முவாட்சாம் ஷா வழியாகப் போவோம். வழி நெடுக இருட்டும் செம்பனையும்தான். விடியற்காலையில் ரொம்பினில் ஒரு கடையில் நாசி லெமாக்கும் காப்பி ஓவும். முதல்முறை வருகிறவர்கள் அதிகம் சாப்பிடாமல் இருப்பது நல்லது. கடல் மயக்கத்துக்கான மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டுப் புண்ணியமில்லை, முன்கூட்டியே போட்டாக வேண்டும். ஏழு மணிவாக்கில் ஜெட்டி. தேக்கோங், அதாவது படகோட்டி, பெரும்பாலும் அந்த ஊர் மலாய்க்காரராக இருப்பார். சின்ன வயதில் அப்பாவோடு வலை இழுத்தவராக இருப்பார். ஆற்று முகத்துவாரத்தில் மணல் மேடு இருக்கிறது. தண்ணீர் வற்றியிருந்தால் எஞ்சினைப் பாதி தூக்கிக்கொண்டு ஊர்ந்துதான் வெளியே போக முடியும். அந்த இடத்தில் அலை முட்டும்போது தேக்கோங் முகத்தைப் பாருங்கள். அவர் பேச்சை நிறுத்திவிட்டால் நாமும் நிறுத்திவிட வேண்டும்.

முதல் வேலை இரை பிடிப்பது. தென்னை ஓலையைக் கட்டி நங்கூரமிட்டு வைத்திருக்கும் உஞ்சாம் ஒன்றின் பக்கத்தில் படகை நிறுத்துவார். ஓலை நிழலுக்கு மீன் சேரும். சின்னச் சின்ன முட்கள் வரிசையாகக் கட்டிய தூண்டில் நரம்பை இறக்கினால் கெம்போங், செலார், தம்பான் என்று நாலைந்தாக ஏறிவரும். அவற்றைக் கையில் பிடித்து நசுக்காமல், முள்ளைத் தட்டித் தொட்டியில் விழச் செய்ய வேண்டும். தொட்டிக்குள் பம்பு கடல் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் பம்பு நின்றால் இரை செத்துப்போகும். பட்டறைக்காரன் என்பதால் படகில் ஏறியதும் என் கண் முதலில் போவது அந்தப் பம்பின் வயர்மீதுதான்.

பிறகு பறவை தேடுவது. ஆலாக்கள் ஓர் இடத்தில் வட்டமிட்டுச் சரக் சரக்கென்று தண்ணீரில் விழுந்தால் கீழே நெத்திலிக் கூட்டம் இருக்கிறது, அதற்குக் கீழே அதைத் துரத்துபவரும் இருக்கிறார். சில நாள் லாயாரான் துடுப்பு தண்ணீருக்கு மேலே கறுப்பாக நீட்டிக்கொண்டு வரும். நாலைந்து சேர்ந்து துடுப்பை விரித்துக் கூட்டத்தை வளைத்துக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். படகில் இருப்பவர்கள் மூச்சு விடக்கூட யோசிப்பார்கள்.

உயிருள்ள கெம்போங்கை மூக்கருகில் கோர்த்து, மேலே ஒரு பலூனைக் கட்டி மிதக்கவிடுவோம். லாயாரான் வந்தால் பலூனுக்கே தெரிந்துவிடும். கெம்போங் பயந்து தண்ணீர்ப் பரப்பில் துள்ளும், பலூன் நடுங்கும். லாயாரான் முதலில் மூக்கால் ஓர் அடி அடிக்கும், பிறகுதான் திரும்பி வந்து விழுங்கும். நரம்பு தூண்டில் கம்பின் சுழலிலிருந்து கழன்று ஓடும். நம் ஆட்கள் இங்கேதான் பதறுவார்கள். ஆற்றில் பழகிய கை, கம்பைச் சுண்டி இழுத்துவிடும். வட்ட முள்ளில் சுண்டக் கூடாது. நரம்பு இறுகும்வரை விட்டு, சுழலைப் பூட்டி, நிதானமாகச் சுற்றினால் போதும். முள் தானாக நழுவி வந்து வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். அதுதான் அந்த முள்ளின் வேலையே. அதன் கூர் உள்பக்கமாக வளைந்திருப்பதால் தொண்டையிலோ வயிற்றிலோ குத்துவது குறைவு.

பிறகு நடப்பதை எழுத எனக்குத் திறமை போதாது. மீன் முழு உடம்போடு தண்ணீரை விட்டு எழும்பி வாலால் நிற்கும், தலையை உதறும். ஒருதடவை இல்லை, வரிசையாக. லாயாரான் மணிக்கு 110 கிலோமீட்டர் போகும் என்று எல்லாரும் சொல்வார்கள், பள்ளிப் புத்தகத்தில்கூடப் பார்த்திருக்கிறேன். அது அந்தக் காலத்தில் ஃபுளோரிடாவில் தூண்டில் நரம்பு ஓடிய வேகத்தைக் கடிகாரம் வைத்து அளந்து சொன்ன கணக்கு. இப்போது கருவி வைத்து அளந்தவர்கள் அதில் பாதிகூட வராது என்கிறார்கள். கம்பைப் பிடித்திருப்பவனிடம் போய் அதைச் சொல்லாதீர்கள், நம்பமாட்டான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பயணத்தில் எங்களோடு மருமகனின் வேலையிடத்து நண்பர் ஒருவரும் அவருடைய மகனும் வந்திருந்தார்கள். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்த நண்பருக்கு மீன் மாட்டியது. நன்றாகவே போராடினார். வியர்வை கண்ணில் இறங்க, மகன் தண்ணீர் போத்தலை அவர் தலையில் ஊற்ற, இருபது நிமிடத்துக்கும் மேலாயிற்று. மீன் படகோரம் வந்தபோது பக்கவாட்டில் சாய்ந்து வந்தது. உடம்பில் நீலப் பட்டைகள் மின்னிக்கொண்டிருந்தன. தண்ணீரிலேயே வைத்துப் படம் எடுப்போம் என்றேன். யார் கேட்டார்கள்! “அங்கிள், இவ்வளவு காசு கட்டிட்டு மடியில வச்சு ஒரு படம்கூட இல்லன்னா எப்படி?” என்றார். தேக்கோங் என் முகத்தையும் அவர் முகத்தையும் பார்த்தார். மீன் பிடித்தவர் அவர். கையுறை போட்டு மூக்கைப் பிடித்தார், மறுகையால் வாலடியைப் பிடித்து ஒரே இழுப்பில் உள்ளே போட்டார்.

ஃபைபர் தரை வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. மீன் வாலை அடித்தது, டப் டப்பென்று இரண்டு முறை, அதன் பக்கவாட்டுத் தோல் தரையில் உராய்ந்து கொழகொழப்பு சட்டைப்பை உயரத்துக்குத் தெறித்தது. அதைத் துணி போட்டு அமுக்கினார்கள். துணி எடுத்தபோது அதிலும் அந்தக் கொழகொழப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அதுதான் மீனுக்கு மேல்தோல், நோய் அண்டாமல் காப்பது. பிறகு மடியில் ஏற்றினார்கள். முதல் படத்தில் துடுப்பு மடங்கியிருந்தது. “விரிச்சுப் பிடிங்க.” இரண்டாவதில் மகன் கண்ணை மூடிவிட்டான். மூன்றாவதில் கைத்தொலைபேசியில் இடமில்லை, வேறு ஒன்று வேண்டும். இதற்கிடையில் மீனின் வாய் மெல்லத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நீலம் போய், ஈரம் காய்ந்த தகரத்தின் நிறம் வந்துவிட்டது. தண்ணீரில் விட்டதும் அது நீந்தவில்லை. வயிற்றுப் பக்கம் மேலாகத் திரும்பி, மெல்லச் சாய்ந்து கீழே போயிற்று. “ஓக்கே, ஓக்கே, ஹிடுப்” என்றார் தேக்கோங். உயிரோடு இருக்கிறதாம். அந்த நண்பர் கைதட்டினார். சாயங்காலம் அந்தப் படம் எல்லாக் குழுவிலும் ஓடியது, “விட்டுவிட்டோம்” என்ற குறிப்போடு.

லாயாரான் செவுளால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு சும்மா நிற்கிற மீன் அல்ல. வாயைத் திறந்துகொண்டு நீந்துவதால்தான் செவுளுக்குள் தண்ணீர் ஓடுகிறது, அதில்தான் அதன் மூச்சு. இருபது நிமிடம் முழு பலத்தோடு போராடிக் களைத்த உடனே அதை வெளியில் எடுப்பது, கெந்திங் மலை ஏறிவந்த லோரியை நிறுத்தாமலேயே ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு எஞ்சினை ஓடவிடுவது மாதிரி. லோரியாக இருந்தால் நான் திறந்து பார்த்துச் சொல்வேன், உள்ளே என்ன உருகியது என்று. மீன் கீழே போய்விடுகிறது, யாரும் பார்ப்பதில்லை.

பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மேற்கு அட்லாண்டிக் கடலில், லாயாரானின் உறவுக்கார மீனான வெள்ளை மார்லினைப் பிடித்து, செயற்கைக்கோள் கருவி மாட்டி விட்டு, பிழைத்ததா என்று பார்த்த ஆய்வு 2005-இல் வெளியானது. வட்ட முள்ளில் பிடித்து விட்ட இருபதும் பிழைத்தன. வழக்கமான வளைவு முள்ளில் பிடித்தவற்றில் மூன்றில் ஒன்றுக்கு மேல் செத்துப்போயின. முள் ஒன்றிலேயே இவ்வளவு வித்தியாசம். 2008 முதல் அமெரிக்காவின் அட்லாண்டிக் கடலில் இந்த மீன்களுக்கான போட்டிகளில் உண்மையான இரை போட்டால் வட்ட முள்தான் என்று சட்டமாக்கிவிட்டார்கள். அதோடு, விடப்போகும் மார்லின், லாயாரான் வகையைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கக் கூடாது என்பதும் அந்தக் கடலில் விதி. படம் எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தூக்கக் கூடாது என்றுதான் சொல்கிறார்கள்.

நம் நாட்டில் இது தெரியாத சங்கதியும் அல்ல. ரொம்பினில் பகாங் அரச பில்ஃபிஷ் போட்டி, அதாவது இந்த நீள்மூக்கு மீன்களுக்கான போட்டி, பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. அதில் மீனைக் கரைக்குக் கொண்டுவந்து தராசில் தொங்கவிடுவதில்லை. பிடித்து விடுவதற்குத்தான் புள்ளி. போட்டி நாளில் ஒழுங்காக நடக்கும் படகுகள் மற்ற நாளில் ஏன் இப்படி என்று ஒரு தேக்கோங்கிடமே கேட்டேன். அனுபவசாலி, அதிகம் பேசாத மனிதர். “நீங்கள் கேட்பதால்தான் தூக்குகிறோம்” என்றார் மலாயில். “தூக்கினால் படகு நாறும், மூக்கு யார் கண்ணிலாவது குத்தினால் என் தலைவலி. ஆனால் தூக்கமாட்டேன் என்றால் அடுத்தமுறை வேறு படகுக்குப் போய்விடுவீர்கள்.” இதுதான் படகுக்காரர் சொல்லமாட்டார் என்று நான் முதலில் எழுதியதற்குக் காரணம். வாடிக்கையாளர் வாயைத் திறந்து, தூக்க வேண்டாம் என்று சொன்னால் அவர்களுக்கு நிம்மதிதான்.

அந்த மனிதரோடு போன அன்றைக்கு என் மருமகனுக்கு ஒன்று மாட்டியது. அவர் எஞ்சினை நிறுத்தவில்லை. மெல்ல முன்னோக்கிப் போகும் கியரில் வைத்துவிட்டு, ஓரமாகக் குனிந்து மூக்கை மட்டும் பிடித்துக்கொண்டார். மூக்கு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, கையுறை இல்லாமல் பிடித்தால் உள்ளங்கை போய்விடும். படகு நகர நகர மீனின் திறந்த வாய் வழியாகத் தண்ணீர் ஓடியது. நான் படகோரத்தில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டு பார்த்தேன். கண் ஒரு ஐம்பது காசு நாணயத்தைவிடப் பெரியது, கருநீலம், நம்மைப் பார்க்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. முதலில் உடம்பு மங்கலாக இருந்தது. ஒரு நிமிடம் ஆனதும் பக்கத்தில் பட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. துடுப்பு யாரும் விரிக்காமலேயே தானாக எழுந்து நின்றது, அதில் கருநீலப் புள்ளிகள். மருமகன் கையை நீட்டித் தண்ணீருக்குச் சற்று மேலே கைத்தொலைபேசியை வைத்து எடுத்தான். தேக்கோங் இடுக்கியால் முள்ளைத் திருப்பி எடுத்தார், வாயோரத்தில் இருந்ததால் ஒரு முறுக்கில் வந்துவிட்டது. கையை விட்டதும் வாலை ஒரே அடி. எங்கள் மூவர் முகத்திலும் கடல் தண்ணீர். மருமகன் கைத்தொலைபேசியை அரிசிப் பானைக்குள் இரண்டு நாள் வைத்திருந்தான்.

தின்பதற்குப் பிடிப்பதில் தப்பா என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அதில் மறுப்பே இல்லை. தோட்டத்தில் எங்கள் அம்மா சமைக்காத மீன் கிடையாது. சந்தையில் லாயாரான் துண்டு போட்டு விற்கிறார்கள், வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். கொஞ்சம் வறண்ட சதை, காரசாரமாக வைத்தால்தான் எடுபடும். சம்பலுக்கும் குழம்புக்கும் அதே பயணத்தில் கிடைக்கும் கெம்போங்கும், அதிர்ஷ்டமிருந்தால் தெங்கிரியும் எவ்வளவோ மேல். தின்னப் போகிறோம் என்றால் உடனே அடித்து ஐஸில் போட்டுக் கொண்டுவாருங்கள், அது நேர்மை. விடப்போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கால்வாசி உயிரோடு விடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அது கறிக்கும் ஆகாமல் கடலுக்கும் ஆகாமல் போகிறது.

இன்னொரு கேள்வியும் வரும். பெரிய வலைகளில் தினமும் எத்தனையோ லாயாரான் சாகிறது, நாலு பேர் படம் எடுப்பதால் என்ன வந்துவிடப் போகிறது? வலையில் மாட்டுவது உண்மைதான். அதைப் பேச வேண்டிய இடம் வேறு, பேச வேண்டியவர்களும் வேறு. ஆனால் வலைக்காரர் நான் மீனை விட்டேன் என்று சொல்லிக்கொள்வதில்லையே. அப்புறம் ரொம்பினையும் நினைத்துப் பாருங்கள். அந்த ஜெட்டியில் படகுகள், எண்ணெய் விற்பவர், ஐஸ் கடை, தங்கும் வீடுகள், பசியாறும் கடைகள், எல்லாம் சீசனில் இந்த ஒரு மீனை நம்பித்தான் ஓடுகின்றன. கறியாக விற்றால் அந்த மீனுக்கு ஒருதடவைதான் காசு. பிழைக்கும்படி விட்டால் இன்னொருவர் தூண்டிலிலும் அது மாட்டும், அவரும் வாடகை கொடுப்பார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சீசனிலும் இப்படிப்பட்ட படங்கள் உங்களுக்கு வரும். மீன் தண்ணீரில் இருக்கும் படமாகத் தேர்ந்து போடுங்கள். ஒரு பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துத்தான் அடுத்தவரும் அதேபோல எடுக்க ஆசைப்படுகிறார். மடியில் கிடத்திய படம்தான் இருக்கிறது என்றால், பத்திரமாக விடப்பட்டது என்ற வரியை மட்டுமாவது எடுத்துவிடுங்கள். உங்கள் நிருபர் அந்த மீனோடு நீந்திப் போய்ப் பார்க்கவில்லையே.

போக நினைப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. ஜூலையிலிருந்து அக்டோபர்வரை நல்ல காலம். நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று ஆரம்பித்துவிட்டால் ரொம்பின் பக்கம் கடலைப் பார்க்கக்கூடப் போக வேண்டாம், எந்த நல்ல தேக்கோங்கும் படகை எடுக்கமாட்டார். மலிவாக எடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரோடு போகாதீர்கள். மிதவைச் சட்டை ஆளுக்கொன்று இருக்கிறதா என்று ஜெட்டியிலேயே எண்ணிப் பாருங்கள், பெட்டிக்குள் இருக்கிறது என்ற பதிலை ஏற்காதீர்கள். முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் தொலைபேசியில் மூன்று கேள்வி கேளுங்கள்: வட்ட முள் வைத்திருக்கிறீர்களா, மீனைத் தண்ணீரிலேயே வைத்துப் படம் எடுக்க முடியுமா, படகை ஓடவிட்டுக்கொண்டே விடுவீர்களா. மூன்றுக்கும் சரி என்று சொல்பவருக்கு ஐம்பது வெள்ளி அதிகமென்றாலும் கொடுங்கள். முள் மட்டும் இல்லை என்றால் பரவாயில்லை, நாமே வாங்கிக்கொண்டு போகலாம். எந்தத் தூண்டில் கடையிலும் கிடைக்கும், ஒரு பொட்டலம் ஒரு கோழிச் சோற்றின் விலைக்கு மேல் வராது. வாங்கும்போது முள்ளின் கூர் தண்டைப் பார்த்து உள்ளே வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வட்டம் என்று அட்டையில் போட்டுவிட்டுக் கூரைப் பக்கவாட்டில் திருப்பி வைத்த சரக்கும் கடையில் தொங்குகிறது, அது வேலைக்கு ஆகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டறைக்காரர் ஒருவர்,
பகாவ், நெகிரி செம்பிலான்.